லோகாம்பாளின் மூன்றாம் பாகத்துக்கு ஒரு வரைபடம்

எலும்பு மலை வடக்கில் வேண்டும் என்றாள்.
எத்தனை அடி உயரம் என்றேன்.
கழுகு ஏறிக் கிழடாகும் உயரம் என்றாள்.
எழுதிக்கொண்டேன்.

ஃபீனிக்ஸில் அவள் வீட்டுச் சமையலறை மேசை.
எண்ணெய்க் கறை இல்லாத பக்கமாய்த் தாளை விரித்து
மூலைக்கொன்றாய் மிளகாய்த்தூள் டப்பா.
டர்பன் மாநகராட்சித் தண்ணீர் இலாகாவில்
முப்பத்தொன்பது வருஷம் குழாய் வரைந்தவன் நான்.
டிராகன் வரைந்ததில்லை.
"வால்வு மாதிரிதான் அண்ணே. நெருப்பு வரும், அவ்வளவுதான்."

கதை எழுதுவது இங்கிலீஷில்.
சண்டைக்கு மட்டும் தமிழ்.
நாயகி பேர் இமையாள், கண் கொட்டாதவள்.
இளவரசன் இருந்தால் விற்கும் என்று
பதிப்பகத்தார் சொல்லிப் பார்த்தார்கள்.
முதல் பாகத்தில் ஓர் இளவரசன் வந்தான்.
பதினான்காம் பக்கத்தில் சளி பிடித்துச் செத்தான்.

கண்ணாடிக் கோட்டை, ஊமைக்காடு,
தலையை வாடகைக்கு விடும் சந்தை,
எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினேன்.
ஆற்றில்தான் முட்டிக்கொண்டது.

கடலில் பிறந்து மலைக்கு ஏறுகிறது அவள் ஆறு.
தண்ணீர் மேட்டுக்கு ஏறாதம்மா, என்றேன்.
ஏறும்.
சம்பளம் வாங்கிய அத்தனை வருஷமும்
அம்புக்குறியைக் கடல் பக்கம்தான் போட்டேன்.
அது உங்க ஆபீஸ் தண்ணி, என்றாள்
அடுப்பைத் தணித்துவிட்டு.

அப்புறம் சொன்னாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.
எழுபத்தாறு. உம்கேனிக் கரை.
தகர வீடுகள். ஒன்பது வயது.
மழை மேலிருந்து வந்தது சரி,
கடல் ஓதமேறி ஆற்றின் வாயை அடைத்துக்கொள்ள
தண்ணீர் திரும்பி நடந்து வந்தது
வாடகை வசூலிக்க வந்தவன் மாதிரி.
கூரைமேல் ஏற்றிவிட்டு அம்மா அவள் கையில்
மூடிபோட்ட தூக்கு ஒன்றைத் திணித்தாள்.
"சிந்தினே, தோலை உரிச்சிடுவேன்."

இரண்டு பாகம், தொள்ளாயிரம் பக்கம்,
இமையாள் திறக்காமலே சுமக்கிறாளே அந்தப் பாத்திரம்,
டிராகன் முட்டை என்று கேப்டவுனிலிருந்து ஒருவர்,
கடைசி ராஜாவின் சாம்பல் என்று ஒரு பள்ளிக்கூடமே
கடிதம் போட்டிருக்கிறது.
உள்ளே என்ன என்று கேட்டேன்.

காலை வடைக்கு ஊறவைத்த உளுந்து.

(மூன்றாம் பாகம் வரும்வரை
யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன்.
கவிதையில் சொல்வது கணக்கில் சேராது.)

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று.
அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தேன்,
நகல் எடுக்கும் பையனாக.
வெள்ளம் வடிந்த வாரம் பெரிய தாள் ஒன்று வந்தது,
தண்ணீர் தொட்ட எல்லையை நீலத்தில் இழுக்கச் சொல்லி.
இழுத்தேன். கோட்டுக்கு உள்ளே
பாலம் இருந்தது, பம்ப் இருந்தது, கோல்ஃப் மைதானம் இருந்தது.
தகர வீடு ஒன்றுகூட இல்லை.
அனுமதி இல்லாததை வரைவது வழக்கமில்லை.
கோடு சுத்தமாய் விழுந்திருக்கிறது என்றார் துரை.
சந்தோஷத்தில் கால் பன்னி சௌ வாங்கித் தின்றேன்.

அந்தக் கரைச் சனங்களை அள்ளிப்போய் விட்ட இடத்துக்குத்தான்
சாம்பலிலிருந்து எழும் பறவையின் பேர்.
கதையில் இப்படி ஒரு பேர் வைத்தால்
மிகை என்று அடித்துவிடுவாள் லோகா.

நேற்றிரவு மையிட்டு முடித்தேன்.
ஆறு ஏறுகிறது. அதன் கரையில்
அவள் பட்டியலில் இல்லாத இடத்தில்
பொடிப்பொடியாய்ச் சதுரங்கள், எறும்பு சைஸில்.
எண்ணவில்லை. தாள் கொண்டமட்டும்.

காலையில் அச்சகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.
"சார், ஆத்து அம்பு தலைகீழா இருக்கு, திருத்திடவா?
அப்புறம் கரையில ஏதோ தூசி,
ஸ்கேன்ல விழுந்திருக்கு போல."

அம்பு சரி, என்றேன்.
தூசியும்.